செயலாளரின் மச்சினிச்சி

அந்த வருடம் நான் மைதானத்துக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும்.

கேலரி என்று நாங்கள் சொல்வது மூன்று சிமெண்ட் படிகளை. அதில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டு கிளப் தலைவரையும் செயலாளரையும் கிழித்துக்கொண்டிருப்பவர்கள், நான் வருவதைப் பார்த்ததும் வெயிலைப் பற்றியோ சென்னை ரயில் தாமதமானதைப் பற்றியோ பேசத் தொடங்குவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. செயலாளர் என் அக்காவின் கணவர். பாதி தெலுங்கு பேசும் குடும்பம் என்பதால் நான் அவரை பாவா என்று கூப்பிடுவேன். அவர் செயலாளர் ஆவதற்கு முன்பிருந்தே நான் அந்தப் படிகளில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது யாருக்கும் நினைவில் இல்லை. கல்லூரியில் பெண்கள் அணிக்கு கோல்கீப்பராக இருந்தவள் நான். படிப்பு முடிந்து ஸ்டேஷன் ரோட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, எனக்கென்று மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமை மேட்ச் மட்டும்தான்.

எங்கள் கிளப் மாவட்ட லீக்கில் இரண்டாம் டிவிஷனில் ஆடியது. நகரி போகும் ரோட்டில் மைதானம். தலைவரின் அப்பா உயிரோடு இருந்தபோது ஆட விட்ட இடம். ஒரு பக்கம் திருத்தணி மலை. படியேறுகிறவர்கள் புள்ளி புள்ளியாகத் தெரிவார்கள். இன்னொரு பக்கம் ஆந்திரா லாரிகள். தலைவருக்கு அரிசி மில்லும் ஒரு கல்யாண மண்டபமும் உண்டு. அப்பாவுக்கு இருந்த பந்துப் பைத்தியம் அவருக்கு இல்லை. வருடத்துக்கு ஒருமுறை வந்து கோப்பையைத் தூக்கிக் காட்டி போட்டோ எடுத்துக்கொள்வார். அந்த வருடம் தூக்கிக் காட்டக் கோப்பையும் இல்லை. சீசன் தொடங்கி வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தோம்.

முதல் சந்தேகம் கோல்போஸ்டில்தான் ஆரம்பித்தது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிறவர்களின் வண்டிகள் நிற்க மைதானத்தைக் கொடுப்பது வழக்கம். அதை யாரும் கேள்வி கேட்டதில்லை. ஆனால் அந்த முறை இரண்டு கோல்போஸ்டுகளையும் வேரோடு பிடுங்கி எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். திருவிழா முடிந்தது. வதங்கிய பூவும் சக்கரத் தடங்களும் மிஞ்சின. போஸ்ட் திரும்பி வரவில்லை. பாவாவைக் கேட்டால், "பெயிண்ட் அடிக்கப் போயிருக்கு" என்றார்.

மெக்கானிக் பாய் அதை நம்பவில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் டூவீலர் பட்டறை வைத்திருப்பவர் அவர். எங்கள் ரசிகர் கூட்டத்துக்குத் தலைவர் என்று யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. டிரம் அவரிடம் இருந்தது, அவ்வளவுதான். ஊரில் இருக்கிற எல்லா வெல்டிங் கடைக்காரர்களும் அவருக்குச் சிநேகிதம். ஒவ்வொரு கடையாகப் போய் விசாரித்துவிட்டு வந்தார். எந்தக் கடையிலும் கோல்போஸ்ட் இல்லை. முதல் ஹோம் மேட்ச்சுக்கு முந்தின நாள் அவை திடீரென்று நட்டுவைக்கப்பட்டிருந்தன. அதே துரு. ஒரு சொட்டு பெயிண்ட் இல்லை.

"பெயிண்ட் அடிக்கப் போனது, அடிக்காமயே வந்துகீது பாரு" என்றார் பாய். "அப்ப எங்க போயிட்டு வந்துச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. கோச்சை போனிலேயே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். ஒருநாள் நான் லேபுக்குப் போகும்போது, மைதானத்தின் நடுவில் முக்காலி மேல் கருவியை வைத்து இரண்டு பேர் இடத்தை அளந்துகொண்டிருந்தார்கள். "லைட் போடறதுக்கு" என்றார் பாவா. கோலுக்கு வலைகூட இல்லாத மைதானத்தில் ராத்திரி மேட்ச் ஆட லைட்டாம்.

பிறகு எங்கள் ஃபார்வர்டு. பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டும் வீட்டுப் பிள்ளை, இருபத்து நான்கு இருபத்தைந்து வயது இருக்கும். பந்தை வாங்கித் திரும்பினான் என்றால் எதிராளி இடுப்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போகும். எங்களுக்குக் கிடைத்த சொற்ப கோல்களும் அவன் போட்டவை. அவன் முதலில் பெஞ்சில் உட்கார்ந்தான். அடுத்த மேட்ச்சில் பெஞ்சிலும் இல்லை. "கால்ல அடி, டாக்டர் ரெஸ்ட் சொல்லிட்டாரு" என்றார் பாவா.

அந்த வாரமே அவன் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு லேபுக்கு வந்தான். அம்மாவுக்கு விடாத காய்ச்சல். லேப் மாடியில் இருக்கிறது. அம்மாவைக் கையைப் பிடித்து ஏற்றி உட்காரவைத்துவிட்டு, கீழே வண்டியில் விட்ட பையை எடுக்க ஓடினான். இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி, அதே வேகத்தில் ஏறி வந்தான். நான் சிரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அவன் காலையே பார்த்தேன்.

"கால் இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"எந்தக் கால்க்கா?"

"அடிபட்ட கால்."

அவன் ஒரு நிமிஷம் முழித்தான். பிறகு குனிந்து இடது முழங்காலைத் தொட்டான். "ஆங், பரவால்லக்கா. இருந்துகினு இருந்துகினு வலிக்குது."

அவன் அம்மா, "உனக்கு எப்படா கால்ல அடிபட்டுச்சு?" என்று கேட்டாள். அவன் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

அன்று சாயங்காலமே பட்டறைக்குப் போய் பாயிடம் சொன்னேன். அவர் ஒரு ஸ்கூட்டரின் கார்பரேட்டரைத் துடைத்துக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்து, "இத இன்னாத்துக்குமா எங்கிட்ட சொல்ற?" என்றார்.

"வேற யாருகிட்ட சொல்றது பாய்?"

"உன் பாவாகிட்ட கேளு."

கேட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. பாவாவுக்கு மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே, அவன் லேப் படியில் தாவி ஏறியதைச் சொல்லிக் கேட்டேன். அவர் முள் எடுப்பதில் மும்முரமாக இருந்தார். "அடிபட்டவன் படி ஏறமாட்டானா?" என்றார். அந்த நேரத்தில் அவர் போன் அடித்தது. யார் என்று பார்த்துவிட்டு, எச்சில் கையோடு எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டார். சோறு காய்ந்துகொண்டிருந்தது.

அக்கா என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"நீ கிளப்பு கிளப்புன்னு கேட்டுகினு இரு. எனக்கு வேற பயம்."

"இன்னாக்கா?"

"வியாழக்கிழமையானா அரக்கோணம் போறாரு. இஸ்திரி போட்ட சட்ட. சென்ட்டு வேற. பந்து விளையாட்டுக்குப் போறவன் சென்ட்டு போடுவானாடி? எங்க போறீங்கன்னா கிளப்பு வேலன்றாரு. கிளப்பு இங்க இருக்குது, வேல அரக்கோணத்துலயா?"

ஒரே மனிதர் மேல் எனக்கு ஒரு சந்தேகம், அக்காவுக்கு ஒரு சந்தேகம். அவளுடையதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது; அவள் கண் கலங்கியிருப்பதைப் பார்த்ததும் அடங்கியது. "ஒருவாட்டி நீ பின்னாலயே போய்ப் பாத்துட்டு வா" என்றாள். "நான் போனா என்ன ஏதுன்னு ஊரே கேட்கும். நீ வேலைக்குப் போற பொண்ணு, ரயில்ல போனா யாரும் கேட்கமாட்டாங்க." எனக்கும் பார்க்க வேண்டியிருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. உனக்காகப் போகிறேன் என்றேன்.

வியாழக்கிழமை லேபில் அரை நாள் லீவு சொன்னேன். யூனிட் வண்டி என்று நாங்கள் சொல்லும் மின்சார ரயிலில் பாவா நடுப்பெட்டியில் ஏறினார். நான் லேடீஸ் பெட்டியில் ஏறி, துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டேன். அரக்கோணத்தில் கூட்டத்தோடு கூட்டமாக இறங்கினேன். அவர் மேம்பாலத்தைக் கடந்து, கடைத்தெரு வழியாக, வேகமாக நடந்தார். கையில் ஒரு ரெக்சின் பை. பூக்கடையில் நின்றபோது அக்கா சொன்னது நிஜமோ என்று நினைத்தேன். யாரோ தெரிந்தவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் பூ வாங்காமல் நடந்தார்.

ஊர் முடிகிற இடத்தில் பச்சை வலை கட்டி ஒரு புது மைதானம். வாசலில் ஒரு கால்பந்து அகாடமியின் போர்டு. உள்ளே செயற்கைப் புல், வெள்ளை வெளேரென்று வலை மாட்டிய கோல்போஸ்ட். இது வரும்வரை எங்கள் துருப்பிடித்த போஸ்ட் இங்கேதான் நின்றிருக்கும் என்று தோன்றியது. நான் எதிரே இருந்த பேக்கரியில் ஒரு தேங்காய் பன் வாங்கிக்கொண்டு நின்றேன். வலைக்குள் ஆரஞ்சு நிற பனியன் போட்டு இருபது பேர் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் பந்தை வாங்கித் திரும்பினான். முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் ஃபார்வர்டு.

பாவா கோட்டுக்கு வெளியே நின்றார். ரெக்சின் பையிலிருந்து ஆரஞ்சு நிற டிராக் மேல்சட்டை ஒன்றை எடுத்து, இஸ்திரி சட்டைக்கு மேல் போட்டுக்கொண்டார். எங்கள் தலைவர் காரில் வந்து இறங்கினார். அகாடமிக்காரர்கள் இரண்டு பேர் நாற்காலி போட்டார்கள். நான்கு பேரும் உட்கார்ந்து சிரித்துப் பேசினார்கள். ஃபார்வர்டு ஒரு கோல் போட்டான். பாவா எழுந்து நின்று கை தட்டினார். எங்கள் மைதானத்தில் அவர் அப்படிக் கை தட்டி நான் பார்த்ததே இல்லை.

திரும்பும்போது ரயில் நடைமேடையில் அவரிடம் போய் நின்றேன். ஒளிந்துகொண்டு திரும்பிப் போக மனம் வரவில்லை.

"நீ இங்க இன்னா பண்ற?" என்றார். குரலில் கோபத்தைவிடப் பயம்தான் இருந்தது.

"அந்த ஆரஞ்சு சட்டையப் பைல வெச்சிட்டீங்களா பாவா?"

அவர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். பிறகு எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

"தலைவரு கிளப்ப மூடப் போறாரு. போன வருஷமே முடிவு பண்ணிட்டாரு. இடம் அவுங்க அப்பாவுது, கேக்கறதுக்கு நாம யாரு? இந்த அகாடமிக்காரங்களுக்கு லீக்ல ஒரு இடம் வேணும், எந்த டிவிஷன்னாலும் சரி. நம்ம இடத்த அவுங்க எடுத்துக்கிறாங்க. நம்ம பசங்கள்ல நல்லா ஆடறவங்களையும் எடுத்துக்கிறாங்க. கிளப்பு சாவல, வேற ஊர்ல உயிரோட இருக்கும். இதுல இன்னா தப்பு?"

"அப்ப திருத்தணி?"

"திருத்தணி எங்க போவுது? மலை இருக்குது, ஊரு இருக்குது."

"ஏன் யாருக்கும் சொல்லல?"

"சொன்னா பாய் டிரம் எடுத்துகினு எங்க வூட்டு வாசல்ல வந்து நிப்பாரு."

"தோக்கறதும் வேணும்னேதானா பாவா? தோத்த டீம மூடினா யாரும் கேக்கமாட்டாங்கன்னா?"

அதற்கு மட்டும் அவர் முகம் சுருங்கியது. இதே கிளப்புக்கு லெஃப்ட் பேக்காக ஆடி முன்பல்லை இழந்தவர் அவர். "அப்படிக் கேக்காத" என்றார். இல்லை என்று சொல்லவில்லை. நான் அதைக் கவனித்தேன். அகாடமியில் அவருக்கு மேனேஜர் வேலை தருவதாகச் சொல்லியிருந்ததை, ரயில் வந்து நாங்கள் ஏறிய பிறகுதான் சொன்னார். அதுவும் நானாகக் கேட்ட பிறகு.

வீட்டுக்குப் போய் அக்காவிடம், "பொம்பளையெல்லாம் யாரும் இல்லக்கா, பந்துதான்" என்றேன். அவளுக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "போறப்ப தனியாப் போன. வரும்போது ரெண்டு பேரும் ஒண்ணா வர்றீங்க. அவரு சொல்லிக் குடுத்தத எங்கிட்ட சொல்றியா?" என்றாள்.

மைதானத்திலும் அதேதான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மேட்ச் முடிந்ததும் எல்லோரையும் படியில் உட்காரவைத்து, பார்த்ததையெல்லாம் சொன்னேன். அகாடமி, ஆரஞ்சு பனியன், தலைவர், மேனேஜர் வேலை. ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்டுவிட்டு யாரும் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கடைசிப் படியில் இருந்த ஒருவர் கேட்டார். "இத்தன நாளா யாருக்கும் தெரியாதது உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"பின்னாலயே போனேன்."

"அவரு பாத்தாரா?"

"பாத்தாரு. பேசினேன்."

"பேசினியா. சரி. அவரே உன்ன அனுப்பிச்சாரா, இவனுங்க இன்னா சொல்றானுங்கன்னு பாத்துகினு வான்னு?"

நான் பாயைப் பார்த்தேன். அவர் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் டிரம்மின் தோலை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். "பார்க்கலாம் மேடம்" என்றார். அதுவரை என்னை 'ம்மா' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த 'மேடம்' என்னை வீடு வரை விரட்டியது.

ஆனால் சொன்னது அவர்கள் மனதுக்குள் போயிருந்தது. இரண்டு பேர் அரக்கோணம் போய் பேக்கரி பக்கம் நின்று பார்த்துவிட்டு வந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. சீசனின் கடைசி மேட்ச்சுக்கு ஒரு திட்டம் போட்டார்கள். அது எனக்கு மேட்ச் அன்றுதான் தெரியவந்தது. மற்ற எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது.

அந்த மேட்ச்சில் ஜெயித்தால்தான் மூன்றாம் டிவிஷனுக்கு இறங்காமல் தப்பிக்க முடியும். தலைவர் ஷாமியானா போட்டு உட்கார்ந்திருந்தார். விசில் அடித்ததும் படியில் இருந்த எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் எழுந்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். மலையைப் பார்த்தபடி. டிரம் இல்லை, கூச்சல் இல்லை. லுங்கித் துணியில் தைத்த எங்கள் கொடிகளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்கள். நானும் திரும்பினேன். பக்கத்தில் நின்றவர் என்னைக் கடைக்கண்ணால் பார்த்தார், திரும்பிவிட்டேனா என்று.

பார்க்காமல் மேட்ச் கேட்பது எத்தனை கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பந்து உதைபடும் சத்தம், ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் சத்தம், மூச்சு. "லெஃப்ட்ல விடு, லெஃப்ட்ல" என்று யாரோ கத்துகிறான். மலைப்படியில் ஒரு குடும்பம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு, முதுகால் மேட்ச் பார்த்தோம். திடீரென்று ஒரு 'டங்' சத்தம், பந்து கம்பத்தில் பட்டது. எல்லோருடைய தோளும் அசைந்தது. கழுத்துகள் திரும்பவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒரு பெரிய கூச்சல். கோல். யாருடையது?

முதலில் திரும்பியவர் பாய்தான். திட்டம் போட்ட ஆள். "நம்மளுது!" என்று அலறினார். அதற்குப் பிறகு யாருக்கு ஞாபகம் இருக்கும்? எல்லோரும் திரும்பி, கட்டிப்பிடித்துக்கொண்டு, கொடியை நேராக்கி ஆட்டினோம். நடுவரிசையில் ஆடும் ஒரு குட்டைப் பையன், வாழ்க்கையில் கோலே போடாதவன், சட்டையைக் கழற்றிக்கொண்டு எங்களை நோக்கி ஓடி வந்தான்.

இரண்டாம் பாதியில் ஒரு சாதாரணப் பந்து. தூரத்திலிருந்து மெதுவாக உருண்டு வந்தது. எங்கள் கோல்கீப்பர் குனிந்தான். பந்து அவன் கைக்குக் கீழே புகுந்து உள்ளே போனது. மேட்ச் அதோடு டிரா. நாங்கள் இறங்கிவிட்டோம்.

"விட்டுட்டான்யா, வேணும்னே விட்டுட்டான்" என்று படியிலிருந்து குரல்கள். நான் கோல்கீப்பராக இருந்தவள் என்பதால் என்னைக் கேட்டார்கள். திருவிழா வண்டிகளின் சக்கரத் தடத்தில் பந்து எகிறாமல் அமுங்கியிருக்கலாம் என்றேன். அப்படித்தான் எனக்குத் தோன்றியது. ஆனால் அவன் குனிந்த விதம் சரியில்லை. முழங்கால் மண்ணில் படவே இல்லை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த சீசனில் அவனும் ஆரஞ்சு பனியன் போட்டான். அது மட்டும் எனக்குத் தெரியும். மற்றது இன்றைக்கும் தெரியாது.

மேட்ச் முடிந்ததும் பாய் நேராக ஷாமியானாவுக்குப் போனார். நாங்கள் பின்னால் போனோம்.

"கிளப்ப வித்துட்டீங்களாமே?" என்றார்.

தலைவர் சிரித்தார். "உறுப்பினருங்களக் கேக்காம நான் இன்னா பண்ணப் போறேன் பாய்? பொதுக்குழு கூட்டறேன். வாங்க, கைய தூக்கி சொல்லுங்க. மெஜாரிட்டி இன்னா சொல்லுதோ அதுதான்."

அவர் அத்தனை லேசாக ஒத்துக்கொண்டதே எங்களுக்குச் சந்தேகமாக இருந்தது.

பொதுக்குழு அவருடைய கல்யாண மண்டபத்தில் கூடியது. கேசரி, போண்டா, காபி. நாங்கள் முன்வரிசைகளில் உட்கார்ந்தோம். பின்வரிசைகள் முழுக்க நாங்கள் ஒருநாளும் பார்த்திராத முகங்கள். எல்லோரும் சந்தா கட்டிய உறுப்பினர்கள் என்றார்கள். மேடையில் தலைவர், பக்கத்தில் பாவா. நான் எதிர்பார்க்காதது என்னவென்றால், அக்கா வந்திருந்தாள். கல்யாணத்துக்கு வருவதுபோல் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். அவள் எதற்காக வந்திருக்கிறாள் என்று எனக்கு மட்டும் தெரியும். மண்டபத்தில் இருந்த நாலைந்து பெண்களையும் ஒவ்வொருவராக முகம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளப்பை அகாடமிக்குக் கொடுக்கும் தீர்மானத்தை பாவா வாசித்தார். தலை நிமிரவே இல்லை. "ஆதரிக்கிறவங்க கைய தூக்கலாம்" என்றதும், பின்வரிசையின் ஓரத்தில் நின்ற மில் மேஸ்திரி முதலில் கையைத் தூக்கினார். அவரைப் பார்த்து மற்றவர்கள் தூக்கினார்கள். சிலர் இடது கை, சிலர் வலது கை. ஒருவர் காபி டம்ளரோடு தூக்கினார்.

அப்போது அக்காவின் குரல் கேட்டது. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் மண்டபம் அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"ஏம்பா, நீயும் பந்து ஆடுவியா?"

"இல்லக்கா. நான் மில்லுல மூட்ட தூக்கறவன்."

"அப்ப இங்க எதுக்குத் தூக்கற?"

"தூக்கச் சொன்னாங்கக்கா."

முன்வரிசை வெடித்தது. பாய் நாற்காலி மேலேயே ஏறி நின்றுவிட்டார். தலைவர் மைக்கைப் பிடுங்கி, தீர்மானம் நிறைவேறியது, நிறைவேறியது என்று இரண்டு முறை சொன்னார். எங்கள் கூச்சல் யாருக்குக் கேட்டது? பின்வரிசைக்காரர்கள் போண்டாவைக் காகிதத்தில் சுருட்டிக்கொண்டு லாரியில் ஏறினார்கள். பாவா மேடையில் உட்கார்ந்தபடியே அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவரைப் பார்க்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். ஆட்டோவில் போகும்போது கேட்டாள்.

"நெஜமாவே பந்துக்காகத்தான் இத்தன பொய்யா?"

"ஆங்க்கா."

"இதுக்கு ஒரு பொம்பள இருந்திருந்தா கூட எனக்குப் புரிஞ்சிருக்கும்" என்றாள்.

கிளப் அரக்கோணம் போனது. பேரும் மாறியது. நகரி ரோட்டு மைதானத்தைச் சுற்றித் தகரம் அடித்துவிட்டார்கள். உள்ளே என்ன வரப்போகிறது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பாவா ஒரு வருடம் போல ஆரஞ்சு சட்டை போட்டுக்கொண்டு போய் வந்தார். பிறகு அகாடமிக்காரர்கள் சென்னையிலிருந்து வேறு மேனேஜரைக் கொண்டுவந்தார்கள். அவராக விட்டாரா, அவர்கள் அனுப்பினார்களா என்று நான் கேட்கவில்லை. ஃபார்வர்டு நன்றாக ஆடுகிறான். அவனுக்கு நல்லதுதான் நடந்தது. அதை ஒத்துக்கொள்ள எனக்குக் கொஞ்ச காலம் ஆனது.

அதற்கப்புறம்தான் எஞ்சிய ஆட்டக்காரர்களை வைத்து பாய் ஒரு புது டீம் தொடங்கினார். பொதட்டூர்பேட்டை ரோட்டில் ஒரு பள்ளி மைதானத்தை ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேட்டு வாங்கினார். முதல் கூட்டம் பட்டறையிலேயே நடந்தது. வண்டி சீட்டுகள் மேலும் பழைய டயர்கள் மேலும் உட்கார்ந்திருந்தார்கள். பாய் செயலாளர். துணைச் செயலாளராக என் பேரை அவரே சொன்னார். டயர் மேல் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தப்பா எடுத்துக்காதம்மா" என்றார் ஒருவர். "உன் பாவா இப்ப சும்மாதான் இருக்காரு. நாளைக்கு அவரும் உள்ள வந்துட்டாருன்னா?"

"ஓட்டுக்கு விடுங்க" என்றேன். "நான் வெளியில நிக்கறேன். நான் இருந்தா யாரும் மனசு விட்டு சொல்லமாட்டீங்க."

எதிர் டீக்கடையில் போய் நின்று, கண்ணாடி டம்ளரில் டீ வாங்கினேன். பட்டறைக் கதவைப் பாதி இறக்கிவிட்டிருந்தார்கள். கால்கள் மட்டும் தெரிந்தன. டீ ஆறி, குடித்து முடித்து, டம்ளரை வைத்த பிறகுதான் பாய் கூப்பிட்டார்.

"வா மா. நீதான்" என்றார். "ரெண்டு பேரு மட்டும் கை தூக்கல."

"யாரு பாய்?"

"அத வுடு."

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரிதான் சிரித்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிப்பட்டுக்கு வேன் எடுத்துக்கொண்டு போனோம், எங்கள் முதல் மேட்ச். எனக்கு டிரைவர் பக்கத்தில் சீட் வைத்திருந்தார்கள். வழியெல்லாம் பின்னால் பாட்டும் கூச்சலும். நான் டிரைவரின் கண்ணாடியில் அந்த இரண்டு பேரைத் தேடி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன்.